பதினொரு ட்ரேயும் ஒரு சாய்வு நாற்காலியும்

ஹெக்டால்
மே 20, திங்கள் காலை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், அப்பா நலம், நாயும் நலம். எப்போதும் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், நான் அடுத்த சேதிக்குப் போய்விடுவேன். இந்த முறை நிறுத்தி இன்னொரு தடவை எழுதுகிறேன், நான் நலம். நம்பிக்கை இல்லையென்றால் டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. நெஞ்சு, நுரையீரல், கண் பார்வை எல்லாம் அதில் இருக்கிறது, "குதிரை மாதிரி இருக்கீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று அவர் கேட்டது மட்டும் அதில் இல்லை. உன் நலத்தைக் கேட்பது முறை. அரிசோனா வெயிலில் நீ நலமாகத்தான் இருப்பாய், பெற்றவளைப் படுக்கையில் கிடத்தி ஒன்றரைப் பக்கம் எழுதுகிற அளவுக்குக் கையில் தெம்பு இருக்கிறதே. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் "சரி விடு" என்பேன், அந்த "சரி விடு"வை இந்த முறை உனக்குத் தருவதாக இல்லை. கடிதத்தைப் படித்துக்கொண்டே நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது. விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும், அன்றைக்கே முழுவதும் படித்துவிடு, உன் பழைய தேர்வு முடிவுகளைப் போலத் திறக்காமல் ஓரமாக வைத்துவிடாதே.

எனக்குப் புற்றுநோய் என்பது எனக்கே தெரியவந்த கதையை முதலில் சொல்கிறேன். ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, பள்ளி பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் வெர்னா ஆஸ்லண்ட் நிற்கிறாள், கையில் கண்ணாடி ட்ரே, மேலே வெள்ளித்தாள். "ஒன்னும் பேசாத ஜோலீன், அடுப்புல முக்கால் மணி நேரம் வச்சா போதும்" என்றவள் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெர்னா ஆஸ்லண்ட்! கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்திலேயே கைகுலுக்கலோடு நிறுத்திக்கொண்டவள். எங்கோ எழவு விழுந்திருக்கிறது, எனக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை என்று நினைத்து, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கக் கொட்டகைக்கு ஓடினேன். அவர் டிராக்டருக்கு அடியில் படுத்து எதையோ திட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை இரண்டு ட்ரே வந்தது. வியாழக்கிழமை மூன்று. எல்லாவற்றிலும் அதே கொத்துக்கறி, அதே டின் காளான் சூப், மேலே அதே உருளைக்கிழங்குத் துண்டுகள். வைத்த எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை வெர்னா இன்னொரு ட்ரேயோடு திரும்பி வந்து என் தலைமுடியைத் தொட்டு, "எவ்வளவு அழகா மறுபடி வளர்ந்திருக்கு, முன்ன இருந்ததவிட அடர்த்தியா இருக்கு" என்றாள். இருபது வருஷமாக ஒரே கடையில் ஒரே மாதிரி வெட்டிக்கொள்கிற முடி அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஊருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று.

ஆர்லிஸைக் கூப்பிட்டேன். முதியோர் இல்லத்தில் தலைமை நர்ஸ், சர்ச்சில் ஜெபச் சங்கிலிக்கும் அவள்தான் தலைவி, யாருக்குத் தலைவலி வந்தாலும் அவள் போனில் ஆரம்பித்துத்தான் ஊரைச் சுற்றும். போனை எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஜோலீன், நாங்க என்ன அந்நியமா? சத்தியமா நான் பேரைச் சொல்லல, நம்ம பஸ் ஓட்டுற சகோதரி ஒருத்திக்காக ஜெபம் பண்ணுங்கன்னுதான் சொன்னேன்" என்றாள். ஹெக்டாலில் பஸ் ஓட்டுகிற சகோதரி நான் ஒருத்திதான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பிரிட்டா சிபாரிசுக் கடிதம் கேட்டு எழுதியிருந்தா, கூடவே மருத்துவக் கல்லூரிக்கு எழுதின கட்டுரையையும் வச்சிருந்தா. படிச்சிட்டு ரெண்டு நாள் தூங்கல" என்றாள். படித்துக்காட்டு என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் படித்தாள். நான் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன், பக்கத்தில் வெர்னாவின் ட்ரே ஆறிக்கொண்டிருந்தது.

என்ன எழுத்து அம்மா அது! என் கைகள் குச்சியாகிவிட்டனவாம், நான் உன் தோளில் சாய்ந்து குளியலறைக்கு நடந்தேனாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீ விமானம் ஏறி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாயாம், அதனால்தான் மூன்றாம் வருஷத்து இலையுதிர் செமஸ்டரில் கரிம வேதியியலில் 'சி' கிரேடும் இயற்பியலில் 'டி' கிரேடும் வந்ததாம். குடிக்கிற தண்ணீர் எனக்கு நாணயத்தை நக்குகிற மாதிரி இருந்ததாம், டின்னில் வருகிற பீச் பழம் மட்டும், அதுவும் ஜில்லென்று இருந்தால் மட்டும் இறங்கியதாம். கடைசியில் "என் அம்மா இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு வரி. அது மட்டும் நிஜம், போராடிக்கொண்டுதான் இருக்கிறேன், உன்னோடு. பெண்ணே, அந்த அக்டோபரில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, எல்லா வருஷமும் போலச் சர்க்கரை காய்ச்சுகிற பீட்ரூட்டை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். வாரப் பத்திரிகையில் படம் வந்தது, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பன்றிக்குட்டி கணக்காக ஒரு பீட்ரூட். அந்தப் படத்தை நீயே உன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாய். பொய் சொல்கிறவள் கொஞ்சம் சுவரையாவது பார்க்கமாட்டாளா? இதில் இன்னும் கேவலம், படம் ஊருக்கும் ஞாபகம் இருந்தது. அதை வைத்து உன் பொய்யைப் பிடிப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, "பாரேன், மருந்து ஏத்திக்கிட்டே லாரி ஓட்டியிருக்கா, யார்கிட்டயும் மூச்சு விடல" என்று என்னை இன்னும் ஒரு படி மேலே தூக்கிவைத்துவிட்டார்கள். கடைக்குப் போனால் என் சாமானை வேறு யாரோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக் கண்காணிப்பாளர் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க, ஓட்டும்போது மயக்கம் கியக்கம் வந்தா... பிள்ளைங்க இருக்காங்க பாருங்க" என்றார். டாக்டர் காகிதம் வரும்வரை ஒன்பது நாள் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் பனிப்புயல் இறக்காத என்னை நீ இறக்கினாய். எனக்குப் பதிலாக வந்தவன் கடைசித் திருப்பத்தை மறந்துபோய், இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் மழையில் வீடுவரை நடந்தன. அதையும் உன் கட்டுரையில் சேர்த்துக்கொள்.

ஏன் எழுதினாய் என்று கேட்க எனக்கு அவசியமே இல்லை, கிறிஸ்துமஸ் லீவில் நீயே சொன்னாய். "மார்க் குறைஞ்சதுக்கு ஒரு காரணம் வேணும், வெறும் காரணம் போதாது, படிக்கிறவங்க மனசு கரையணும்" என்று உங்கள் கல்லூரி ஆலோசகர் சொன்னாராம். அந்த மகானுபாவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. இந்த நாட்டில் டாக்டராக வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தராவது சாகக் கிடக்கவேண்டும் போலிருக்கிறது, எல்லாரும் நன்றாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்யும், பாவம், பெற்றோரைக் கூரையிலிருந்து தள்ளிவிடுமோ? சரி, அவர் கேட்டார், நீ கொடுத்தாய். உன்னிடம் கொடுக்க நிஜமான காரணம் இல்லையா என்ன? அதையும் நீதான் என்னிடம் சொன்னாய், அதே லீவில் மூன்றாம் நாள், இதே சமையலறை மேஜையில், காபி ஆறும்வரை. நம் ஊர்ப் பள்ளியில் இருபத்து நான்கு பிள்ளைகள் படித்த வகுப்பில் முதலாக வந்தவள் முந்நூறு பேர் உட்காருகிற கூடத்தில் முதல் தேர்வில் தோற்றுப்போனாய். வாத்தியாரிடம் போய் புரியவில்லை என்று சொல்லக் கூசியது. அடுத்த தேர்வின் முடிவைத் திறந்தே பார்க்கவில்லை. அப்புறம் வகுப்புக்கே போகாமல், கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற வேலையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை தட்டு கழுவினாய், அங்கேதான் "நல்லாப் பண்றம்மா" என்று யாராவது சொன்னார்கள் என்றாய். ஜனவரியில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அந்த வாத்தியார் வாசலிலேயே போய் நின்று, அதே பாடங்களைத் திரும்ப எடுத்து, இரண்டிலும் 'ஏ' கிரேடு வாங்கினாய். இதைக் கேட்டு அன்றைக்குப் பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உனக்கு இது போதவில்லை. தட்டு கழுவினேன் என்று எழுத வெட்கம், அம்மாவுக்குக் கேன்சர் என்று எழுத வெட்கமில்லை. அந்த அக்டோபரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் லாரியிலிருந்து கூப்பிட்டேனே, "நல்லாப் போகுதும்மா" என்றாயே, அது எனக்கு இந்தக் கேன்சரைவிட அதிகமாக வலிக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியவில்லை என்று சொல்லியிருந்தால் லாரியை அப்படியே ஓரங்கட்டிவிட்டு வந்திருப்பேன்.

இனி என் அழுக்கையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்ட எனக்கு முகம் கிடையாது. ஆர்லிஸ் படித்து முடித்ததும், "அது பொய்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. "சரி ஆர்லிஸ், அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தேன். சொன்னால் நீ பொய்காரி, உன் கட்டுரை போயிற்று, நாலு வருஷம் போயிற்று, ஊரில் உன் பேர் போயிற்று. சொல்லாவிட்டால் எனக்கு ஒரு நோய், அவ்வளவுதானே என்று தோன்றியது. பதினாறு நாள் நோயாளியாக இருந்தேன், பிரிட்டா. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "பரவாயில்ல, ஏதோ நாள் ஓடுது" என்றேன், அப்படிச் சொன்னால் பொய் ஆகாது என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டேன். கடையில் ஒருநாள் மாடிப்படியில் மெதுவாகக்கூட ஏறினேன், கண்றாவி. ட்ரேக்கள் வந்துகொண்டே இருந்தன, மொத்தம் பதினொன்று. உன் அப்பாதான் உட்கார்ந்து தின்று தீர்த்தார். அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். நீ செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான்கு நாள் கழித்து முள்கரண்டியை நீட்டி, "இந்த சோளம் போட்டது யார் செஞ்சது? அவங்ககிட்ட மட்டும் இன்னும் ஒரு வாரம் உனக்கு முடியலன்னு சொல்லு" என்றார். சிரித்தேன். சிரித்ததற்கு அப்புறம் கொஞ்ச நேரம் அந்த மனிதரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்படியே இன்னும் எத்தனை நாள் ஓட்டியிருப்பேனோ தெரியாது. பதினோராம் தேதி சனிக்கிழமை ஓர்வல் ஸ்டெனர்சன் வந்தார். கிழக்குச் சாலையில் தனியாக இருக்கிறாரே, அவர்தான். பிக்அப் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி ஒரு நாற்காலி. பழுப்புத் தோல், பக்கத்தில் ஒரு பிடி, இழுத்தால் முதுகு சாய்ந்து கால் மேலே வரும். அவர் மனைவி லவோன் முதியோர் இல்லத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் அதில்தான் கிடந்தாள். எழுபத்தெட்டு வயது மனிதர், கண்ணில் புரை வேறு, அப்பாவும் அவருமாகத் தூக்கிக்கொண்டுவந்து முன்னறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டார்கள். "படுத்தா மூச்சு முட்டும், உக்காந்தா முதுகு வலிக்கும்னு சொல்வா, இதுலதான் தூங்குவா. என் வீட்ல சும்மா கெடக்கு, நீ வச்சுக்கம்மா" என்றார். வேண்டாம் ஓர்வல் என்றேன். "உக்காந்து பாரு, பிடி கொஞ்சம் கெட்டி, எப்படி இழுக்கணும்னு காட்டறேன்" என்றார். உட்கார்ந்தேன். இறந்துபோன மனுஷியின் நாற்காலியில், குதிரை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்தேன். அவர் குனிந்து பிடியை இழுத்தார், என் கால் மேலே போயிற்று, "சரியா இருக்கா?" என்று கேட்டார், "சரியா இருக்கு" என்றேன். அப்புறம் கோட்டுப் பையிலிருந்து ஒரு டின் எடுத்து மேஜையில் வைத்தார். பீச் பழம். "ஐஸ்ல வச்சு ஜில்லுனு குடுத்தா இறங்கும். லவோன் தண்ணிகூட காசை நக்கற மாதிரி இருக்குன்னுவா, கடைசி ஒரு மாசம் இது மட்டுந்தான்" என்றார்.

இப்போது உன்னைக் கேட்கிறேன், அந்தக் கட்டுரையை எழுதும்போது உன் கண் முன்னால் யார் படுத்திருந்தது? நான் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடை லீவில் முதியோர் இல்லத்தில் நீ உதவியாளாக இருந்தபோது பார்த்துக்கொண்டாயே, ஆகஸ்டு கடைசியில் போய்ச் சேர்ந்தாளே, அவள். குச்சிக் கை அவளுடையது, நாணயத் தண்ணீர் அவளுடையது, பழம் அவளுடையது. அவளை எடுத்து என் உடம்பில் மாட்டிவிட்டு, அந்த உடம்பைக் காட்டி ஒரு இடம் கேட்டிருக்கிறாய். ஓர்வல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார், இதை நான் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், உன் தலைக்கனத்துக்கு இது வேறா என்று, ஆனால் சொல்லாவிட்டால் அது என் பங்குக்கு ஒரு திருட்டு. "உன் பொண்ணு அவ தலையைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி எந்த நர்ஸும் பிடிக்கலன்னு லவோன் சொல்வா. தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி கையை தேய்ச்சு சூடு பண்ணிக்குமாமே. அந்தப் பொண்ணு டாக்டர் ஆகலன்னா வேற யாரு ஆவா?" என்றார். அடி முட்டாளே, இதைத்தானே நீ எழுதியிருக்கவேண்டும். உன் கையில் இருந்த நிஜத்தை விட்டுவிட்டு அவள் தின்ற பழத்தைத் திருடினாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று பாஸ்டர் கேட்கிற நேரத்தில் நான் எழுந்து நின்றேன். முப்பது வருஷத்தில் நான் அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை. "எனக்கு கேன்சர் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. என் பொண்ணு விண்ணப்பத்துல எழுதினது பொய். பொய்னு தெரிஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டது நான். தட்டை எல்லாம் இன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் பின்வரிசையில் வெர்னா, "ஜெபம் கேட்கப்பட்டது!" என்றாள். நான் பொய் என்று சொல்ல அவள் அற்புதம் என்று கேட்டுக்கொண்டாள், நான் உட்கார்ந்துவிட்டேன். ஆர்லிஸ் அழவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் என் ஜன்னலைத் தட்டி, "அம்மாவைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்ட பொண்ணுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே ஜோலீன். முப்பத்தாறு வருஷம் நர்ஸா இருக்கேன், ஒரு பொய்க் காகிதத்துல என் பேர் இருந்ததில்ல" என்றாள். இன்று காலை அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற எழுதுகிறாள். நீயே கூப்பிட்டு, நீயே உன் வாயால் சொன்னால், இந்த மாதம் முடிவதற்குள் வேறு ஒன்று எழுதித் தருகிறாளாம், தான் கண்ணால் பார்த்ததை மட்டும். நீ கூப்பிடாவிட்டால் கிடையாது. அவள் கடிதம் இல்லாமல் உன் விண்ணப்பம் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும். ஜூன் முதல் வாரம் அனுப்பவேண்டும் என்றாய். அந்தக் கட்டுரையைக் கிழித்துப்போட்டுவிட்டு, தோற்றேன், ஒளிந்தேன், தட்டு கழுவினேன், திரும்பப் போய் நின்றேன் என்று எழுது. அதைப் படித்து எந்த மனசும் கரையாமல் போகலாம், இந்த வருஷம் ஒரு கல்லூரியும் கூப்பிடாமல் போகலாம். போகட்டும். அடுத்த வருஷம் கேள். பழைய கட்டுரையே போகிறது என்றால் எனக்குச் சொல்லிவிடு, அவர்களுக்கும் ஒரு டாக்டர் காகிதம் அனுப்பிவைக்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ட்ரேக்களை நேற்று மத்தியானமே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடியில் டேப் ஒட்டி எழுதியிருந்த பேரைப் பார்த்து வீடு வீடாக. ட்ரேயைக் காலியாகத் திருப்பித் தருவது நம் ஊரில் கிடையாது என்று உனக்குத் தெரியும், அதனால் சனிக்கிழமை முழுவதும் தோட்டத்து ருபார்ப் செடியின் புளிப்புத் தண்டை நறுக்கிப் போட்டுப் பதினொரு ட்ரேயிலும் கேக் சுட்டேன், செடி மொட்டையாகிவிட்டது. சிலர் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவை ஒரு சாண் திறந்து ட்ரேயை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அதுவும் நியாயம்தான். வெர்னா கேக்கை முகர்ந்துபார்த்துவிட்டு, "நோய் போனாலும் சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றாள்.

நாற்காலி மட்டும் முன்னறையில் இருக்கிறது. ஓர்வல் நேற்று சர்ச்சில் இல்லை, ஃபார்கோவில் மகன் வீட்டில் இருக்கிறார், கண் ஆபரேஷன் முடிந்து சனிக்கிழமை மகன் கொண்டுவந்து விடுகிறான். அடுத்த திங்கட்கிழமை ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நினைவு நாள், லவோன் கல்லறையில் சிவப்பு ஜெரேனியம் பூச்செடி நடவேண்டும், அதற்காகவே டாக்டரிடம் நச்சரித்து வருகிறாராம். கண் தெளிந்து வருகிற மனிதருக்கு ஊர் இதை முதலில் காட்டிவிடக் கூடாது. ஒருத்தரும் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள், கடையில் பேச்சை நிறுத்துவார்கள், அவருக்குப் புரிந்துவிடும். வெள்ளிக்கிழமை விமானம் பிடித்து வா. அப்பா வந்து கூட்டிவருவார், வழி முழுக்கப் பேசமாட்டார், அதைத் தாங்கிக்கொள். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலியை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஒரு பக்கம் அப்பா பிடிப்பார், மறுபக்கம் நீ. கிழக்குச் சாலைக்கு நான் வரமாட்டேன், ஓர்வலிடம் நீ சொல்லவேண்டியதை நீயே சொல், நான் சொல்லவேண்டியதை நான் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டராக நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, அந்த ஆசையில்தான் நானும் பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியையும் நேரத்துக்குச் சாப்பிடுகிற பழக்கத்தையும் கொடுக்கட்டும். கோட்டு எடுத்துக்கொண்டு வா, இங்கே இன்னும் காலையில் பனி விழுகிறது. ஆர்லிஸைக் கூப்பிட மறந்துவிடாதே, காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு மேல் கூப்பிடு. பீச் டின்னை நாங்கள் திறக்கவில்லை, அது நாற்காலியில்தான் இருக்கிறது, அது அவர் கொடுத்தது, நாம் திருப்பிக் கொடுக்கிற கணக்கில் சேராது. பதினொரு ட்ரேயில் வைக்க எனக்கு ருபார்ப் இருந்தது. அந்த நாற்காலியைக் காலியாகத் திருப்பித் தர முடியாது, அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. விமானத்தில் நீ யோசித்துக்கொண்டு வா.

நோய் நொடி எதுவும் இல்லாத
உன் அம்மா
ஜோலீன் ஹௌக்ரூட்